வந்தாரை வாழவைத்த காங்ரா

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, மூணாறு எல்லாம் பார்த்து முடித்த குடும்பம் அடுத்து வடக்கே மலைக்குக் கிளம்பினால் சிம்லா, மணாலி என்றுதான் டிக்கெட் போடும். ட்ராவல்ஸ்காரர்களும் அந்தப் பேக்கேஜைத்தான் முதலில் நீட்டுவார்கள். நாங்கள் இந்தக் காலாண்டு விடுமுறைக்குப் போனது ஹிமாச்சலின் இன்னொரு பக்கம். தரம்சாலா, பாலம்பூர், அந்த்ரேட்டா என்று காங்ரா பள்ளத்தாக்கு முழுக்க. "தரம்சாலாவா? கிரிக்கெட் ஸ்டேடியம் இருக்கே, அந்த ஊரா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். அந்த ஊரேதான். ஸ்டேடியத்தைக் காரில் போகும்போது எட்டிப் பார்த்ததோடு சரி.

இந்த ஊரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என் பெண். ஒன்பதாவது படிக்கிறாள். கணக்கு நோட்டைப் பின்பக்கமிருந்து திருப்பினால் பாதி வரை படம்தான். "பெயிண்டிங் பண்றவங்க இருக்கிற மலைக்குப் போலாம்மா" என்றாள். நாலாவது படிக்கும் சின்னவனுக்கு ரயில் வேண்டும். வீட்டுக்காரருக்குப் பனிமலை தெரிய வேண்டும். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஒரு பழைய சிவன் கோயிலாவது வேண்டும். முட்டிவலி இருப்பதால் படி அதிகம் இருக்கக் கூடாது. எனக்கு அடுப்படிப் பக்கம் போகாமல் சில நாள் இருந்தால் போதும். ஆளுக்கொரு பக்கம் இழுத்த எல்லாமும் ஒரே பள்ளத்தாக்கில் கிடைத்தன.

ஊர் சுற்றும்போது மெல்ல மெல்லப் பிடிபட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காங்ராவைக் கலைக்குப் பேர்போன இடமாக ஆக்கியவர்களில் பெரும்பாலோர் அங்கே பிறந்தவர்கள் இல்லை. எங்கிருந்தோ வந்தவர்கள். சிலர் விரும்பி வந்தார்கள், சிலர் துரத்தப்பட்டு வந்தார்கள். 'வந்தாரை வாழவைக்கும்' என்று நம் ஊரைப் பற்றி நாம் மார்தட்டிக்கொள்கிறோமே, அந்தப் பெருமையில் காங்ராவுக்கும் பங்கு கொடுக்க வேண்டும்.

மண்வீட்டுச் சீமாட்டி

கோவையிலிருந்து டெல்லிக்கு விமானம், அங்கிருந்து ராத்திரி ரயிலில் பதான்கோட், பிறகு கார். பதான்கோட் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் தவுலாதார் மலைத்தொடர் தெரிய ஆரம்பித்துவிடும். காங்ராவின் அழகே இதுதான். கீழே நெல் வயல், அதற்குப் பின்னால் நெட்டுக்குத்தாக நாலாயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் மலை. அக்டோபர் தொடக்கத்தில் உச்சியில் மட்டும் வெள்ளை படிந்திருந்தது. வீட்டுக்காரரின் கோரிக்கை காரிலேயே நிறைவேறிவிட்டது.

பாலம்பூரிலிருந்து அரை மணி நேரத்தில் அந்த்ரேட்டா. ஊர் என்று சொல்ல ஒரு தெருதான். மூங்கில் புதர், மண்சுவர், மேலே ஓட்டுக்குப் பதில் தகடு தகடாகப் பலகைக்கல் வேய்ந்த கூரை. இங்கே இருக்கிறது நோரா ரிச்சர்ட்ஸின் மண்வீடு. 'சமேலி நிவாஸ்' என்று பெயர்.

நோரா 1876-இல் பிறந்த ஐரிஷ்காரர், நாடக நடிகை. கணவர் பிலிப் ரிச்சர்ட்ஸ் லாகூர் தயாள் சிங் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். அந்தக் கல்லூரி மாணவர்களிடம் நோரா சொன்னது, ஷேக்ஸ்பியரை ஒப்பிப்பதை விடுங்கள், உங்கள் வீட்டுக் கதையை உங்கள் மொழியில் எழுதி நடியுங்கள் என்பதுதான். 1914-இல் மாணவர் ஐ.சி. நந்தா எழுதிய 'துல்ஹன்' மேடை ஏறியது. நவீன பஞ்சாபி நாடகத்தின் கணக்கு அங்கே தொடங்குகிறது. நம் பக்கம் சங்கரதாஸ் சுவாமிகளும் பம்மல் சம்பந்த முதலியாரும் மேடையை ஆண்டுகொண்டிருந்த அதே காலம். 1920-இல் கணவர் இறந்ததும் சீமைக்குத் திரும்பிய நோரா, 1924-இல் மறுபடி இந்தியாவுக்கே வந்துவிட்டார். பிறகு அந்த்ரேட்டாவில் ஊர்க்காரர்கள் கட்டுவதுபோலவே மண்ணில் வீடு கட்டி, கைத்தறி உடுத்தி, 1971-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். திறந்தவெளியில் மேடை அமைத்து, மாணவர்களையும் கிராமத்து ஆட்களையும் நடிக்க வைத்தார். இந்தி நடிகர்கள் பிருத்விராஜ் கபூர், பல்ராஜ் சாஹ்னி எல்லாம் இந்தப் பாட்டியைத் தேடி இந்தக் குக்கிராமத்துக்கு வந்திருக்கிறார்கள். பாட்டி என்று நானாகச் சொல்லவில்லை. பஞ்சாபி நாடகத்தின் பாட்டி என்றுதான் அவரைச் சொல்கிறார்கள்.

வீட்டை இப்போது பாட்டியாலாவில் உள்ள பஞ்சாபிப் பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. அத்தை சுவரைத் தடவிப் பார்த்தார்கள். "சாணி போட்டு மொழுகியிருக்குதுங்க கண்ணு. வெள்ளைக்காரம்மா இதுல இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, திண்ணையில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே மனசில்லாமல் இருந்தார்கள்.

சரஸ்வதி பூஜையும் சக்கரமும்

அடுத்தது பானைத் தொழிற்கூடம். இதற்கும் ஒரு பூர்வீகம் உண்டு. ஜப்பானில் போய் மட்கலம் கற்றுவந்த குருசரண் சிங், டெல்லியில் நீலக் கலங்களுக்குப் பேர்போன பட்டறையை நடத்தியவர். அவருக்கும் அந்த்ரேட்டாவில் இடம் இருந்தது. அவர் மகன் மன்சிம்ரன் சிங்கும் மருமகள் மேரியும் 1983-இல் இங்கே தொடங்கியதுதான் அந்த்ரேட்டா பாட்டரி. செம்மண் கலத்தின் மேல் வெளிர்நிறக் களிமண் கரைசலால் கோலம் போடுவதுபோல வேலைப்பாடு செய்கிறார்கள். தங்கிப் படிக்கிறவர்களுக்கு மாதக்கணக்கில் வகுப்பு உண்டு. எங்களைப்போலப் போகிறவர்கள் பணம் கட்டிச் சக்கரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

நாங்கள் போன அன்று சரஸ்வதி பூஜை. புத்தகத்தைத் தொடக் கூடாது என்ற சட்டத்தைச் சின்னவன் வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவான். "மண்ணைத் தொடலாமில்ல அப்பத்தா?" என்று அனுமதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

சக்கரம் சுற்றுவதைப் பார்த்தால் சுலபமாகத்தான் இருக்கும். உட்கார்ந்தால் தெரியும். மண் உருண்டையைச் சக்கரத்தின் நட்டநடுவில் நிறுத்துவதுதான் முதல் வேலை, பாதி வேலையும் அதுதான். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, ஈர உள்ளங்கையால் பக்கவாட்டிலும் மேலிருந்தும் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மண் அப்போதும் இடது வலதாகத் தலையாட்டும். கை அதன் ஆட்டத்தோடு போனால் தொலைந்தது; கை அசையாமல் நின்றால் மண் அடங்குகிறது. அடங்கிய பிறகு கட்டைவிரலை நடுவில் இறக்கிக் குழி செய்து, உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை வைத்துச் சுவரை மேலே ஏற்றுகிறார்கள். சின்னவன் ஏற்றிய சுவர் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து, வாய் கோணி, கடைசியில் அகல்விளக்குக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஏதோ ஒன்றாக நின்றது. சொல்லிக்கொடுத்த இளைஞர் அதைச் சரிசெய்துவிடவில்லை. அப்படியே நூலால் அறுத்து எடுத்துப் பலகையில் வைத்தார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

அத்தை பக்கத்தில் நின்று ஆராய்ச்சி செய்தார்கள். "எங்கூர்ல சக்கரத்துல எடுத்ததோட விடமாட்டாங்க. கொஞ்சம் காஞ்சதும் உள்ளார கல்லு வெச்சு, வெளியே பலகையில தட்டித் தட்டித்தான் பானையாக்குவாங்க. இங்க உருவாரம் செய்ய மாட்டாங்களா?" வீட்டுக்காரர் தன் அரைகுறை ஹிந்தியில் மொழிபெயர்த்தார். கோயிலுக்கு நேர்ந்துகொண்டு மண் குதிரையும் மண் காளையும் செய்து வைக்கும் வழக்கத்தை அந்த இளைஞர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். பேச்சு நீண்டு, தேநீர் வந்து, சாயங்காலம் ஆகிவிட்டது.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இன்று செய்த பானை இன்றே கைக்கு வராது. நிழலில் காய வேண்டும், பிறகு சூளையில் வேக வேண்டும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

வேகாத பானையின் கதை

அதே தெருவில் ஓவியர் சோபா சிங்கின் கலைக்கூடம். குடும்பத்தாரே நடத்துகிறார்கள். பெயர் தெரியாவிட்டாலும் இவர் வரைந்த படத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். வெண்தாடியும் பாதி மூடிய கண்ணுமாக, கை உயர்த்தி ஆசி சொல்லும் குருநானக் படம் இவருடையது. நானக்கை நேரில் பார்த்து யாரும் வரைந்து வைக்கவில்லை. இன்று சீக்கியர் வீடுகளில் நானக் என்றாலே இந்த முகம்தான். வேணுகோபால் சர்மா வரைந்த பிறகு திருவள்ளுவருக்கு வேறு முகத்தை நம்மால் நினைக்க முடிகிறதா? அதேதான்.

சோபா சிங் 1901-இல் குருதாஸ்பூர் பக்கம் பிறந்தவர். பிரிவினைக்கு முன் லாகூரில் இருந்தார். 1947-இல் எல்லாம் கலைந்தபோது அந்த்ரேட்டாவுக்கு வந்து, 1986-இல் இறக்கும் வரை இங்கேயே வரைந்தார். அவருடைய இன்னொரு புகழ்பெற்ற ஓவியம் 'சோஹ்னி மஹிவால்'. அதன் முன்னால்தான் என் பெண் நின்றுவிட்டாள்.

கதை இது. சோஹ்னி செனாப் ஆற்றங்கரையில் ஒரு குயவர் மகள். காதலன் மஹிவால் அக்கரையில். இரவில் சுட்ட பானையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆற்றை நீந்திக் கடந்து போவாள். விஷயம் தெரிந்த நாத்தனார் ஒருநாள் பானையை மாற்றி, சுடாத பச்சைப் பானையை வைத்துவிடுகிறாள். நடு ஆற்றில் பானை கரைகிறது. ஒரு மணி நேரம் முன்புவரை பச்சை மண்ணைக் கையில் வைத்திருந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியே இருக்கவில்லை. சின்னவன் தன் விரல் இடுக்கில் காய்ந்திருந்த மண்ணைப் பார்த்தான். "தண்ணி பட்டா போச்சும்மா. அவ தொட்டதுமே தெரிஞ்சிருக்கணுமே, பானை செய்யற வீடுதானே?" என்றான். நியாயமான கேள்வி. தெரிந்தும் போனாள் என்று சொல்கிறவர்களும் உண்டு என்றேன். பெரியவள் ஒன்றும் சொல்லாமல் நோட்டை எடுத்துச் சோஹ்னியின் உடையின் மடிப்பை வரைய ஆரம்பித்தாள்.

தோற்ற ராஜாக்களின் ஓவியம்

தரம்சாலா கோத்வாலி பஜாரில் காங்ரா கலை அருங்காட்சியகம் இருக்கிறது. கூட்டம் கிடையாது. காங்ரா சிற்றோவியங்களை இங்கே பார்க்கலாம். உள்ளங்கை அகலத்துக்குள் ஒரு தோட்டம், மழை மேகம், ராதை, கிருஷ்ணன், அவள் தாவணியின் ஜரிகை வரைக்கும். அணில் வால் முடியில் கட்டிய தூரிகையும் கல்லையும் தாவரத்தையும் அரைத்த வண்ணமும் கொண்டு வரைந்தவை. வரைந்து முடித்ததும் தாளைக் குப்புறப் போட்டு வழவழப்பான கல்லால் தேய்ப்பார்களாம். வண்ணம் தாளோடு இறுகி எனாமல்போல மினுங்கும்.

இந்தப் பாணியை வளர்த்த, குலேர் என்ற குட்டி மலைநாட்டின் ஓவியர் குடும்பமும் வெளியிலிருந்து, காஷ்மீரிலிருந்து வந்ததாகத்தான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பண்டிட் சேவு, அவர் பிள்ளைகள் மானக்கு, நைன்சுக். ஓவியர்கள் கையெழுத்துப் போடாத காலம். பி.என். கோஸ்வாமி என்ற கலை வரலாற்று அறிஞர் இவர்களைக் கண்டுபிடித்த விதம் துப்பறியும் கதை மாதிரி. காசி, ஹரித்துவார் போனால் பண்டாக்கள் நம் குலம் கோத்திரம் கேட்டுப் பேரேட்டில் எழுதிக்கொள்வார்கள் இல்லையா, அந்தப் பழைய பேரேடுகளைப் புரட்டி, சாம்பல் கரைக்க வந்த ஓவியர் குடும்பங்களின் பெயர்களை எடுத்து வம்சாவளி போட்டார். நைன்சுக் தன் கையாலேயே எழுதிய பதிவும் அதில் உண்டு.

அந்தப் பிள்ளைகளின் அடுத்த தலைமுறையை ஆதரித்த ராஜா சன்சார் சந்த், 1775 முதல் 1823 வரை ராஜாவாக இருந்தவர். நம் தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜியின் சமகாலம். 1799-இல் சரபோஜி நாட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். 1809-இல் சன்சார் சந்த் காங்ராக் கோட்டையைச் சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங்கிடம் இழந்தார். அதிகாரம் கைவிட்டுப் போன இரண்டு ராஜாக்களின் பேரும் இன்று ஓவியத்தில் நிற்கிறது. இன்னொரு தொடர்பும் உண்டு. இந்த மலைநாட்டு ஓவியங்களை உலகம் திரும்பிப் பார்க்க வைத்த பெரிய நூல் 1916-இல் வந்த 'ராஜ்புத் பெயிண்டிங்'. எழுதியவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி, ஈழத்தமிழர் முத்து குமாரசாமியின் மகன். காங்ராவை வாழவைத்த வெளியூர்க்காரர் பட்டியலில் நம் ஆளும் ஒருவர்.

லாசாவிலிருந்து வந்தவர்கள்

தரம்சாலாவுக்கு மேலே மெக்லியாட்கஞ்ச். 1905 ஏப்ரல் 4-ஆம் தேதி வந்த காங்ரா பூகம்பத்தில் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் இறந்தார்கள். இந்த ஊரும் தரைமட்டமானது. வெள்ளைக்காரர்கள் கைவிட்ட மலையில், 1959-இல் திபெத்தைவிட்டு வந்த தலாய் லாமாவுக்கு 1960-இல் இடம் கொடுத்தார்கள். ஊரின் இரண்டாவது பிறவி அதுதான். இன்றைக்கு அங்கே நெரிசல் அதிகம். குறுகலான சாலையில் கார் மேல் கார். கடைகளில் 'கையால் செய்தது' என்று விற்பதில் பாதி மெஷின் வேலை என்று பார்த்தாலே தெரிகிறது.

அதற்குப் பதில் கீழே சித்பூரில் உள்ள நோர்புலிங்கா நிலையத்தில் ஒரு நாள் முழுக்க இருங்கள். 1988-இல் திபெத்தியக் கலைகளைக் காப்பாற்றத் தொடங்கியது. ஓடைத் தண்ணீர் ஓடும் தோட்டத்துக்குள் தாங்கா எனும் திபெத்தியச் சுருள் ஓவியம், மரச்செதுக்கு, உலோகச் சிலை, துணியில் தைக்கும் தாங்கா என்று தனித்தனிக் கூடங்கள். பயிற்சி பெறுகிறவர்களைத் தொந்தரவு செய்யாமல் நின்று பார்க்கலாம். புத்தரை வரையும் முன் கட்டம் போட்டு, நெற்றி இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று அளவு குறிக்கிறார்கள். சுவாமிமலையில் ஸ்தபதிகள் தென்னை ஓலையை மடித்து அளவெடுப்பதைப் பெரியவள் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறாள். "இங்கயும் சாமிக்கு அளவு இருக்கும்மா, இஷ்டத்துக்கு வரைய முடியாது" என்றாள். இஷ்டத்துக்கு மட்டுமே வரைந்து பழகியவள் அவள்.

கோயில், சாப்பாடு, தேநீர்

அத்தைக்காக பைஜ்நாத். 1204-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ள சிவன் கோயில். இரண்டு வணிகச் சகோதரர்கள் கட்டியது. பூகம்பத்திலும் பெரிதாக அசையவில்லை. தசராவுக்கு ஊரெல்லாம் ராவணனை எரித்தாலும் இந்த ஊரில் மட்டும் எரிப்பதில்லை என்று டிரைவர் சொன்னார். ராவணன் தவம் செய்த இடம் என்பது நம்பிக்கை. சின்னவனுக்கு வெடி பார்க்க முடியாத ஏமாற்றம். அத்தைக்குப் பரம திருப்தி. "சிவபக்தனை எரிக்கலாமா? சம்பந்தரே பதிகத்துக்குப் பதிகம் எட்டாம் பாட்டுல ராவணனைச் சொல்லியிருக்காரே" என்றார்கள்.

சாப்பாட்டில் மறக்கக் கூடாதது 'தாம்'. கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் போடும் பந்தி. தரையில் வரிசையாக உட்காரவைத்து, தைத்த இலையில் சோறு, உளுந்துப் பருப்பு, புளிப்புக் குழம்பு, இனிப்புச் சோறு என்று பரிமாறுவார்கள். தயிரில் கொதித்த கொண்டைக்கடலை 'மத்ரா'வை "மோர்க்குழம்புல கடலையைப் போட்டிருக்காங்க" என்று இரண்டாம் முறை வாங்கினார்கள் அத்தை. பையில் ஃபில்டரும் காப்பித்தூளும் கொண்டுவந்திருந்த அதே அத்தை பாலம்பூர் தேநீருக்குச் சம்மதிக்கவில்லை. பால் சேர்க்காமல் குடிக்க வேண்டிய மென்மையான தேயிலை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெயரெடுத்து, பூகம்பத்தில் ஆலைகள் இடிந்து நொடித்து, 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது.

சின்னவனின் ரயில்: 1929-இல் திறந்த குறுகிய பாதை, பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர்நகர் வரை 164 கிலோமீட்டர். நம் ஊட்டி ரயில்போலப் பல்சக்கரம் கிடையாது. சுரங்கமும் இரண்டே இரண்டுதான். 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் பதான்கோட் பக்கம் சக்கி ஆற்றுப் பாலம் விழுந்தது. அதனால் எந்தெந்த ஊருக்கு இடையே ஓடுகிறது என்று கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் போனது ஒரு சின்னத் துண்டுதான். ஜன்னலை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

போகிறவர்களுக்கு

ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள். தரம்சாலா ஹிமாச்சலிலேயே அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்று. மார்ச் முதல் ஜூன், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் நல்ல காலம். பாலம்பூர் அல்லது அந்த்ரேட்டாவில் தங்கி, தரம்சாலாவுக்குப் போய்வருவது முதியவர்களோடு போகிறவர்களுக்கு வசதி. பிள்ளைகளை ஒரு நாளில் ஆறு இடம் இழுத்துக்கொண்டு அலையாதீர்கள். ஒரு இடத்தில் கையை அழுக்காக்க விடுங்கள்.

வந்தவர்களை இந்தப் பள்ளத்தாக்கு வாழவைத்தது உண்மை. ஆனால் அவர்கள் போன பிறகும் எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்தால், கற்றுக்கொடுக்க ஒருவரும் கற்றுக்கொள்ள ஒருவரும் இருக்கும் இடம்தான். பானைக்கூடத்தில் மாணவர்கள் இருக்கிறார்கள், நோர்புலிங்காவில் இருக்கிறார்கள். அங்கே சத்தம் இருக்கிறது, சம்பாத்தியம் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் காவலர் மட்டும் இருந்தார். வாங்குவதென்றால் செய்கிறவரின் கையிலிருந்தே வாங்குங்கள். தயவுசெய்து அங்கே பேரம் பேசாதீர்கள்.

நோராவின் பிறந்தநாளான அக்டோபர் 29 அன்று ஒவ்வொரு வருஷமும் பஞ்சாபிப் பல்கலைக்கழக மாணவர்கள் அந்த்ரேட்டாவுக்கு வந்து நாடகம் போடுகிறார்கள். காலாண்டு விடுமுறையில் போனால் அதைப் பிடிக்க முடியாது. தீபாவளி அக்டோபர் கடைசியில் வரும் வருஷமாகப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.